வியந்தியான் – ஹனோய் இரவுப் பேருந்து: ஏறலாமா, வேண்டாமா?

பிப்ரவரியில் லாவோஸ் தலைநகர் வியந்தியானிலிருந்து வியட்நாமின் ஹனோய்க்கு ஸ்லீப்பர் பஸ்ஸில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 24 மணி நேரம் ஆகுமாம், முதுகுப்பையோடு சுற்றுகிறவர்கள் அதற்கு 'நரகப் பேருந்து' என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். நிஜமாகவே அவ்வளவு மோசமா, பேசாமல் விமானம் ஏறிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

நான் அந்த வண்டியில் ஒரு முறை கடைசி வரைக்கும் போயிருக்கிறேன். இன்னொரு முறை அதே வழியை உள்ளூர் வண்டிகளில் வெட்டி வெட்டிக் கடந்தேன். பெயர் பொருத்தமானதுதான். ஆனால் அப்படிப் பெயர் வைத்தவர்கள் யாரும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. அது சரக்கு வண்டி. கூடவே ஆட்களையும் ஏற்றிக்கொள்கிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டு ஏறினால் பாதி எரிச்சல் அங்கேயே அடங்கிவிடும். பஸ் என்று நம்பி ஏறுகிறவர்தான் இரவு முழுக்கப் புலம்புகிறார்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இரண்டு நகரங்களுக்கும் நேர்கோட்டில் 500 கிலோமீட்டர்கூடக் கிடையாது. விமானத்தில் ஒரு மணி நேரம். சாலையில் போனால் 780 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். வியந்தியானிலிருந்து 13ஆம் எண் சாலையில் தெற்கே 250 கிலோமீட்டர்போலப் போய், வியெங் காம் சந்திப்பில் கிழக்கே திரும்பி 8ஆம் எண் சாலையைப் பிடிக்க வேண்டும். சுண்ணாம்புப் பாறை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறினால் லாக் சாவ் என்ற சிற்றூர். 'இருபதாவது கிலோமீட்டர்' என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். அதைத் தாண்டினால் நாம் பாவ் எல்லைச் சாவடி. மலைக்கு அந்தப் பக்கம் வியட்நாமின் ஹா தின் மாகாணத்தில் காவ் ட்ரேயோ சாவடி. அங்கிருந்து கீழே இறங்கி வின் நகரம், அப்புறம் வடக்கே 300 கிலோமீட்டர் ஓடினால் ஹனோய்.

இவ்வளவு தூரத்துக்கு 24 மணி நேரம் என்றால் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கொஞ்சம் மேல். எல்லாரும் சாலையைத் திட்டுகிறார்கள். உண்மையில் நேரத்தைத் தின்பது எல்லைக் கதவு. வண்டி மாலை ஆறு, ஏழு மணிக்குக் கிளம்பி விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே மலைமேல் போய்ச் சேர்ந்துவிடும். சாவடி திறப்பது ஏழு மணிக்கு. அதுவரை இருட்டில் நிற்க வேண்டியதுதான். ஓட்டுநர் எவ்வளவு பறந்தாலும் அந்த நேரம் மிச்சமாகாது. அதனால் யாராவது 'எங்கள் வண்டி ஸ்பெஷல், பதினாறு மணி நேரத்தில் ஹனோய்' என்று டிக்கெட் விற்றால் அவர் பொய் சொல்கிறார் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் நான்கு மணி நேரம் தாமதமாகக் கிளம்ப வேண்டியதுதானே? நானும் அதே கேள்வியைக் கேட்டேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த வியட்நாமியத் தச்சர், லாவோஸில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர், கையை வரிசை மாதிரி நீட்டிக் காட்டிப் புரிய வைத்தார். காலையில் கதவு திறக்கும்போது சுங்கத்தில் முன்னால் நிற்கிற வண்டியின் சரக்கு முதலில் போகும். பின்னால் நிற்கிற வண்டிக்கு மதியம் ஆனாலும் ஆகலாம். நாம் தூக்கத்தைத் தொலைப்பது மூட்டைகளுக்கு இடம் பிடிப்பதற்காக.

என் பயணம் ஆரம்பமே சரியில்லை. டிக்கெட் விற்ற ஏஜெண்ட், பெயர் வேண்டாம், 'விஐபி வண்டி, உள்ளேயே கழிப்பறை, விடுதி வாசலிலிருந்து நேராக ஹனோய்' என்றார். வாசலுக்கு வந்தது பின்பக்கம் இரண்டு பலகை போட்ட பிக்கப். ஊரெல்லாம் சுற்றிப் பதினான்கு பேரை அடைத்துக்கொண்டு, நகருக்கு வெளியே இருக்கிற தெற்குப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே எங்கள் வண்டி நின்றது. கூரைமேல் ஒரு மோட்டார் சைக்கிள் படுத்திருந்தது, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு. வயிற்றுக்குள் அரிசி மூட்டை மாதிரி ஏதோ அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பைகளுக்கு இடமில்லை என்று கிளீனர் கையை விரித்தார். அப்புறம் எப்படியோ இடம் உண்டாயிற்று. இந்த 'அப்புறம் எப்படியோ' அன்றைக்கு ராத்திரி இன்னும் பல தடவை நடந்தது.

வியட்நாமிய ஸ்லீப்பர் பஸ்ஸை நீங்கள் பார்த்திருக்காவிட்டால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நீளவாக்கில் மூன்று வரிசை, மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்கு இரண்டு சந்து. மொத்தம் நாற்பது பேர்போலப் படுக்கலாம். படுக்கலாம் என்பதுகூடச் சரியில்லை. முதுகை முழுதாகச் சாய்க்க முடியாத ஒரு தொட்டில் அது. கால்களை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டியின் மேல்பக்கம்தான் முன்னால் இருப்பவரின் தலைமாடு. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்குக் கச்சிதம். நான் ஐந்து அடி பதினொரு அங்குலம். முழங்காலை மடக்கினால் பெட்டியின் விளிம்பு காலில் இடிக்கும், நீட்டினால் பாதம் திரும்பிக்கொள்ளும். நேராகப் படுக்காமல் லேசாக ஒருக்களித்து, ஒரு காலைப் பெட்டியிலும் ஒரு காலைச் சந்திலும் விட்டுக்கொண்டு தூங்கப் பழகுவதற்கு இரவு இரண்டு மணி ஆகிவிட்டது.

என் டிக்கெட்டில் இருந்த எண்ணில் நான்கு சலவைத்தூள் பெட்டிகள் ஏற்கெனவே படுத்திருந்தன, எல்லாம் தாய்லாந்துச் சரக்கு. கிளீனரிடம் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'டி! டி!' என்று பின்பக்கம் கை காட்டினார். வியட்நாமிய மொழியில் அதற்குப் 'போ' என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி விழுகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்! கடைசி வரிசையில் ஐந்து படுக்கைகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கும். வெளிநாட்டுக்காரர்களையும் கடைசியில் வருகிறவர்களையும் அங்கேதான் தள்ளுவார்கள். கீழே எஞ்சின் சூடு, மேலே ஏசியின் குளிர்க்காற்று, இருபக்கமும் முன்பின் தெரியாதவர்களின் தோள்.

ஏறும்போதே ஷூவைக் கழற்ற வேண்டும். வாசலில் கிளீனர் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுப்பார். ஷூவை அதில் போட்டு நாமே வைத்துக்கொள்ளலாம். வழியில் வண்டி நிற்கும்போது இறங்குகிறவர்களுக்காக ஒரு கூடை நிறையப் பொதுச் செருப்பு இருக்கும். எல்லாம் ரப்பர், எல்லாம் ஒரே அளவு, இரண்டு கால்களும் ஜோடியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். நான் என் பையைத் தலைமாட்டில் வைக்காமல், நாற்றம் எதற்கு என்று சந்தில் வைத்தேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

கழிப்பறை இருந்தது, ஏஜெண்ட் பொய் சொல்லவில்லை. கதவைத் திறந்தால் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். இந்த வழியில் கழிப்பறை என்பது இன்னொரு சரக்கு அறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் ஒரு நிறுத்தம், அப்புறம் மலையடிவாரத்தில் இருட்டுச் சாலையோரம் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். சாலையோரத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் இன்னொரு பக்கம் என்று எழுதப்படாத ஒழுங்கு இருந்தது. பெண்கள் ஒரு பெரிய துண்டோ சாரமோ கையோடு வைத்திருந்தால் மிகவும் உதவும்.

வியந்தியானைத் தாண்டியதும் விளக்கை அணைத்தார்கள், பாட்டை அணைக்கவில்லை. காதல் தோல்விப் பாட்டுகள் என்று மெட்டிலேயே தெரிந்தது. நள்ளிரவு வாக்கில் வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்று ஏதோ ஏற்றியது. அரைமணி கழித்து இன்னொரு வீடு. மூட்டைகள் சந்துக்குள் வந்தன. அவற்றின்மேல் தட்டையாகப் பலகை மாதிரி ஒன்றைப் போட்டு இரண்டு பேர் படுத்துக்கொண்டார்கள். இறங்க வேண்டுமென்றால் அவர்கள்மேல் கை ஊன்றித் தாண்ட வேண்டும். அவர்கள் தூக்கம் கலையாமலேயே முதுகைக் கொஞ்சம் வளைத்து வழிவிட்டது அந்த இரவின் பெரிய கருணை.

மூன்றரை மணிக்கு எஞ்சின் நின்றது. ஏசி நின்றது, பாட்டும் நின்றது. எட்டு மணி நேரம் எப்போது ஓயும் என்று காத்திருந்த சத்தம் ஓய்ந்ததும்தான் வெளியே எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. ஜன்னல் முழுக்க நீர்த்திவலை. கணவாய் 700 மீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனால் ஆன்னம் மலைத்தொடரின் முதுகு அது. குளிர்காலத்தில் வியட்நாம் பக்கத்து ஈரக்காற்று அங்கே மோதி மூடுபனியாகத் தேங்கி நிற்கும். லாவோஸ் சமவெளியில் அரைக்கை பனியனில் வியர்த்துக்கொண்டு ஏறியவர்கள் எல்லாரும் இப்போது துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்வெட்டர் வண்டியின் வயிற்றில், அரிசி மூட்டைக்கு அடியில் இருந்தது.

ஏழு மணிக்கு அடித்துப் பிடித்து எல்லாரும் இறங்கினோம். என் பிளாஸ்டிக் பையை எடுத்தேன். உள்ளே ஷூ இல்லை. அதற்குப் பதில் ஒரு குழந்தையின் பூட்ஸும் பாதி சாப்பிட்ட பன் ரொட்டியும் இருந்தன. கூடையில் துழாவியதில் இரண்டு பச்சை ரப்பர் செருப்புகள் கிடைத்தன, நல்ல வேளையாக வலதும் இடதுமாக. அதைப் போட்டுக்கொண்டுதான் லாவோஸை விட்டுக் கிளம்பினேன்.

இந்தப் பகுதி எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பதற்றம் இருக்காது. லாவோஸ் சாவடியில் வெளியேறும் முத்திரை. பயணிகள் பாஸ்போர்ட்டுகளை ஜன்னலில் குவிப்பார்கள், உங்களுடையதையும் கை நீட்டி உள்ளே வைக்க வேண்டும். கிளீனர் எல்லாருடையதையும் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்றால் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு நீங்களே வைத்திருங்கள். முத்திரை விழுந்ததும் இரண்டு சாவடிகளுக்கும் நடுவே மலைச்சாலையில் நடக்க வேண்டும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி, ஓரத்தில் வரிசையாக லாரிகள், முன்னால் போகிறவரின் பை மட்டும் மங்கலாக அசைகிறது. வண்டி பின்னால்தான் வரும், நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. போகாது. சரக்குச் சோதனை முடிய நமக்கு ஆகிற நேரத்தைவிட இரண்டு மடங்கு ஆகும். எங்களுக்கு இரண்டேகால் மணி நேரம்.

அந்தக் காத்திருப்பில்தான் பனி கொஞ்சம் விலகிக் காடு தெரிந்தது. அதே ஹா தின் மாகாணத்தில், கொஞ்சம் தெற்கே இருக்கிற வூ குவாங் காட்டில்தான் 1992இல் சாவோலா என்ற விலங்கை அறிவியல் உலகம் முதன்முதலாக அடையாளம் கண்டது. வேட்டைக்காரர்கள் வீட்டில் தொங்கிய நீளமான கொம்புகளைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த அவ்வளவு பெரிய விலங்கு இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் ஒளிந்திருக்க முடிந்த காடு அது. பச்சைச் செருப்போடு நின்றுகொண்டு அதைப் பார்த்தபோது ஷூ தொலைந்தது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. பொய் சொல்வானேன், பட்டது, ஆனால் கொஞ்சம் குறைவாக.

வியட்நாமுக்குள் வந்ததும் வண்டியின் குணம் மாறியது. இப்போது அது டவுன் பஸ். வழியில் கை காட்டியவர்களையெல்லாம் ஏற்றியது. அவர்களுக்குச் சந்தில் குட்டிப் பிளாஸ்டிக் முக்காலிகள் முளைத்தன. சலவைத்தூள் ஒரு கடையில் இறங்கியது, மூட்டைகள் இன்னொரு கடையில், மோட்டார் சைக்கிள் வின் நகருக்கு வெளியே ஒரு சந்துமுனையில். ஒவ்வொரு இறக்கத்துக்கும் தொகை பேசி, எண்ணி, சிகரெட் பற்றவைத்து, கிளம்ப வேண்டும். ஹாரன் ஓயவேயில்லை. இரவு எட்டேமுக்காலுக்கு ஹனோய் வந்தது. வந்தது என்றால், இருட்டில் ஒரு நெடுஞ்சாலை ஓரம். 'ஹனோய், ஹனோய்' என்று இறங்கச் சொன்னார்கள், மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் பைகளைப் பிடித்து இழுத்தார்கள். போனில் வரைபடத்தைப் பார்த்தால் நகர மையம் இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல். வண்டி நுவோக் ஙம் பேருந்து நிலையம் வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும், அதனால் இறங்க மறுத்து உட்கார்ந்துவிட்டேன். போனது. அங்கிருந்து கிராப் செயலியில் வண்டி பிடிப்பது சுலபம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரி என்கிறீர்கள். முதலில் வியட்நாமியப் புத்தாண்டான தெத் என்றைக்கு வருகிறது என்று பாருங்கள். சந்திரக் கணக்குப்படி அது ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவில் விழும். லாவோஸில் வேலை செய்கிற வியட்நாமியர் அத்தனை பேரும் அதற்கு முந்தைய வாரத்தில் ஊர் திரும்புவார்கள். நான் சொன்ன வண்டியில் இன்னும் ஒன்றரை மடங்கு கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த வாரம் மட்டும் ஏறவே ஏறாதீர்கள், விமானத்தில் போய்விடுங்கள்.

விசா அடுத்தது. எல்லையில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வியட்நாம் இ-விசா 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் உண்டு, 90 நாள் வரை தருகிறார்கள். ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். பட்டியலில் காவ் ட்ரேயோ இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். பழக்கதோஷத்தில் ஹனோய் விமான நிலையத்தைக் குறித்துவிட்டு மலைமேல் போய் நிற்காதீர்கள். தாளில் அச்செடுத்த பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.

பணம்: லாவோஸின் கிப் நாட்டுக்கு வெளியே அநேகமாகச் செல்லாக்காசு. மிச்சத்தை எல்லைக்கு இந்தப் பக்கமே செலவழித்துவிடுங்கள், அல்லது அங்கே கட்டுக்கட்டாக நோட்டோடு நடமாடும் பெண்களிடம் மாற்றுங்கள். அவசரப்படாமல் எண்ணுங்கள். வியட்நாமின் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். தூக்கக் கலக்கத்தில் சுழியங்களை எண்ணுவது கஷ்டம், நானே ஒரு கிண்ணம் சூப்புக்குப் பெரியதை நீட்டி, கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

படுக்கை விஷயத்தில் கொஞ்சம் முன்கூட்டியே போய் நிற்பதுதான் வழி. கீழடுக்கில், வண்டியின் நடுப்பகுதியில் கேளுங்கள். வளைவுகளில் ஆட்டம் அங்கேதான் குறைவு. 8ஆம் எண் சாலையில் வாந்தி வராதவர்கள் குறைவு, மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். ஸ்வெட்டர், தண்ணீர், பாஸ்போர்ட், டிஷ்யூ இவை உங்களோடு படுக்கைக்கு வர வேண்டும், பெரிய பையில் போகக்கூடாது.

பாதுகாப்பு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பனியில், இரவில், பாரம் ஏற்றிய வண்டியில் மலைச்சாலை என்பது விளையாட்டு அல்ல. ஓட்டுநர் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேலும், ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக்கூடாது என்பது வியட்நாம் சட்டம். அதனால் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். எங்கள் வண்டியில் ஓய்வில் இருந்தவர் சரக்கு அறையில் மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்தார். ஏறும் முன் இரண்டு ஓட்டுநர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர்தான் என்றால் டிக்கெட் பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பிவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் மண்சரிவு வேறு. பிப்ரவரியில் அந்தக் கவலை குறைவு.

நான் இரண்டாம் முறை செய்தது என்னவென்றால், வழியை வெட்டிக்கொண்டேன். உண்மையில் இந்தத் தடத்தின் அழகெல்லாம் வியெங் காமுக்கும் எல்லைக்கும் நடுவில்தான் இருக்கிறது, இரவு வண்டி அதை இருட்டில் கடந்துவிடுகிறது. பகலில் உள்ளூர் வண்டியில் அந்தப் பக்கம் போய், கோங் லோர் குகையைப் பார்த்தேன். மலைக்கு அடியில் ஓர் ஆறு ஏழு கிலோமீட்டர் குகைக்குள் ஓடுகிறது, படகில் தலைவிளக்கு வெளிச்சத்தில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரலாம். அப்புறம் லாக் சாவில் தங்கி, காலையில் எல்லை தாண்டி, வின் நகரில் இறங்கிக்கொண்டேன். வின்னிலிருந்து ஹனோய்க்கு ரயில் இருக்கிறது, 319 கிலோமீட்டர், ஆறு மணி நேரம்போல ஆகும். காலை முழுதாக நீட்டலாம். 2024 நடுவிலிருந்து அந்தத் தூரத்துக்கு விரைவுச்சாலையும் முழுதாகத் திறந்துவிட்டது. ஆனால் கடைகடையாகச் சரக்கு இறக்குகிற வண்டிக்குப் பழைய சாலைதான் பிழைப்பு, அதனால் அந்த வேகத்தை இரவு பஸ்ஸிடம் எதிர்பார்க்காதீர்கள்.

உங்களிடம் நான்கு நாள் இருந்தால் இப்படி வெட்டி வெட்டிப் போங்கள். இரண்டு நாள்தான் என்றால் விமானம். ஒரே இரவுதான், பணமும் கம்மி, முதுகு நன்றாக இருக்கிறது, உயரம் ஐந்தரை அடிக்குள் என்றால் பஸ்ஸில் ஏறலாம். ஷூவை மட்டும் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த பச்சைச் செருப்பு நான்கு வருடமாக மழைக்கு உழைக்கிறது, இடது வார் மட்டும் போன மாதம் அறுந்தது.